புற்றுநோய் சிகிச்சையில் யோகமும் தியானமும்: எங்கள் குடும்ப அனுபவம்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாமா, ஆரோக்கியம் பத்தி நீங்க ஒரு அரைமணி பேசணும்" என்றார். "நான் டாக்டர் இல்லையே" என்றேன். "அதனாலதான் கேக்கறேன். டாக்டர் வந்தா யாரும் வாயைத் திறந்து கேள்வி கேக்க மாட்டா" என்றார். 1970-இல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன் நான். 36 வருஷம் மத்திய அரசாங்கத்தில் கோப்பு பார்த்து 2010-இல் ஓய்வு பெற்றேன். என் தகுதி அவ்வளவுதான். ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருடைய அனுபவம் இருக்கிறது. ஒன்று என் அத்திம்பேருடையது. இன்னொன்று என் மனைவியுடையது. அவள் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அனுமதியோடுதான் பேசுகிறேன். ஏதாவது கூட்டிச் சொன்னால் அங்கிருந்தே திருத்துவாள்.

நம் கிளையிலேயே கடந்த சில வருஷங்களில் எத்தனை வீடுகளில் இந்த வியாதி வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பயாப்சி ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் யோசனைகள் வந்துவிடும். பிராணாயாமம் பண்ணு, தியானம் பண்ணு, பாஸிட்டிவாக நினை என்று பத்துப் பேர் சொல்வார்கள். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். இவற்றில் எது நிஜமாகவே உதவும், எது உதவாது, எது கெடுதல் செய்யும் என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் அத்திம்பேர். பம்பாயில் நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2006-இல் மலத்தோடு ரத்தம் போகிறது என்று பரிசோதித்ததில் மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. வேறெங்கும் பரவவில்லை, ரேடியேஷனும் ஆபரேஷனும் செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அத்திம்பேருக்கு வியாதியைவிட ஆபரேஷனைக் கண்டு பயம். வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டிவிடுவார்கள், அதோடு எப்படி சந்தியாவந்தனம் பண்ணுவது, நாலு பேர் நடுவில் எப்படி உட்காருவது என்று ராத்திரி எல்லாம் புலம்புவார் என்று அக்கா சொன்னாள்.

அந்த சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் அவரை ஒரு பிராணாயாம முகாமுக்கு அழைத்துப் போனார். "கேன்சர் செல் ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் உயிர் வாழாது. உடம்பில் ஆக்ஸிஜனை ஏற்றினால் அது தானே செத்துப்போகும்" என்று அங்கே சொன்னார்களாம். நான் பம்பாய் போயிருந்தபோது அத்திம்பேர் என்னிடம் கேட்டார்: "நீ சயின்ஸ் படிச்சவனாச்சே, இது சரிதானே?"

"தப்பு ஒண்ணும் இல்லையே அத்திம்பேர், பண்ணுங்கோ" என்றேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒரு பிராணாயாம சி.டி.யும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் மூச்சுப் பயிற்சி செய்ததில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் ஆபரேஷன் தேதி என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவர் அதை ஒத்திப்போட்டுவிட்டார் என்பது தெரிந்திருக்கும். ஏழு மாதம் கழித்து வலி பொறுக்காமல் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலுக்குப் போயிருந்தது. 2008 ஜனவரியில் காலமானார். எந்தப் பைக்குப் பயந்தாரோ அதுவும் கடைசியில், குடல் அடைத்துக்கொண்டதனால், போட வேண்டியதாகத்தான் ஆயிற்று.

இப்போது அந்த ஆக்ஸிஜன் விஷயத்தைப் பார்க்கலாம். நம்மில் பலரிடம் கோவிட் காலத்தில், 2020, 2021-இல் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருக்கும். விரலில் மாட்டிக்கொண்டு பாருங்கள். நுரையீரல் நன்றாக இருக்கிற மனிதருக்கு 95-இலிருந்து 99 வரை காட்டும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைத் தூக்கிக்கொண்டு போகிற ஹீமோகுளோபின் ஏற்கெனவே அவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். நான் பிராணாயாமம் செய்வதற்கு முன்னால் 97 இருந்தது, இருபது நிமிஷம் செய்த பிறகு 98. நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியும்?

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, 1931-இல் நோபல் பரிசு வாங்கியவர். புற்றுநோய்த் திசுக்கள் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் வழியிலேயே சக்தியை எடுத்துக்கொள்கின்றன என்று அவர் கண்டுபிடித்தார். ஆக்ஸிஜன் இருந்தும் அவை நன்றாக வளர்கின்றன என்பதுதான் இதன் பொருள். முகாமில் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ஒரு பி.எஸ்ஸி. படித்தவன் நிதானமாக உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் விளக்கியிருக்கலாம். மாப்பிள்ளை முறையில் மூத்தவர், அவர் மனசு நோகக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பரவாத நிலையில் இருந்த மார்பகம், பெருங்குடல், நுரையீரல், பிராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களில், வழக்கமான சிகிச்சையே எடுத்துக்கொள்ளாமல் மாற்று முறைகளை மட்டும் நம்பிய 281 பேரை, சிகிச்சை எடுத்துக்கொண்ட மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. பெருங்குடல், மலக்குடல் வியாதியில் நாலரை மடங்கு. மார்பகத்தில் ஐந்தரை மடங்குக்கும் மேல். இது யோகாவைப் பற்றிய கணக்கு இல்லை, எல்லா மாற்று முறைகளும் சேர்ந்தது. ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது நான் அத்திம்பேரைத்தான் நினைத்துக்கொண்டேன். துணை என்பது வேறு, மாற்று என்பது வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் நாம் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது என் மனைவியின் கதை. 2012 அக்டோபரில் அவளுக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. ரிப்போர்ட் வந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வியே ஆபரேஷன் தேதிதான். நவம்பரில் ஆபரேஷன். டிசம்பர் நடுவிலிருந்து 21 நாளுக்கு ஒரு தடவையாக ஆறு கீமோதெரபி. பிறகு 25 நாள் ரேடியேஷன். எல்லாம் ஆயிற்று. பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் பிராணாயாமம், தியானம் என்ற பேச்சையே அந்த வருஷம் நான் வீட்டில் எடுக்க விடவில்லை. சூடு கண்ட பூனை. ஆரம்பித்தவள் அவள்தான்.

முதல் கீமோவுக்குப் பிறகு வாந்தி. அது எதிர்பார்த்ததுதான், மருந்து கொடுத்தார்கள். இரண்டாவதுக்குப் பிறகு ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. இங்கே அது ஆரஞ்சு சீசன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற சிக்னலுக்கு அப்புறம் சாலை ஓரம் பூரா ஆரஞ்சு வண்டிகள். மூன்றாவது கீமோவுக்குப் போகும்போது ஆட்டோ அந்த சிக்னலைத் தாண்டியதும், மருந்து உடம்பில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, இவளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் யாராவது ஆரஞ்சுத் தோலை உரித்தாலே போதும், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். இத்தனைக்கும் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சீசனில் தினம் நாலு ஆரஞ்சு சாப்பிட்டவள்.

மனப்பிரமை என்று நான் நினைத்தேன். வாயை விட்டுச் சொல்லியும்விட்டேன். "ஏன்னா, வேணும்னா வாந்தி எடுக்கறேன்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசுவதற்கென்று ஒரு மனநல ஆலோசகர் இருந்தார், சின்னப் பெண். அவர்தான் எனக்கு விளக்கினார். பாவ்லோவ் நாய்க்குச் சோறு போடும்போது மணி அடித்து, பிறகு மணி சத்தத்துக்கே அதற்கு எச்சில் ஊறியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அதே கதைதான். மருந்து வாந்தியைக் கொண்டுவருகிறது. மருந்தோடு கூடவே வருகிற வாசனை, தெரு, நர்ஸின் உடை எல்லாவற்றையும் மூளை ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. முடிச்சு விழுந்த பிறகு வாந்தி மாத்திரைக்கு இது அவ்வளவாகக் கட்டுப்படாது. இங்கேதான் மனப்பயிற்சிக்கு நிஜமான வேலை இருக்கிறது. 1982-லேயே அமெரிக்காவில் மாரோ, மோரல் என்ற இருவர் 60 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, உடம்பைத் தளர்த்திக்கொண்டு படிப்படியாகப் பழகினால் இந்த முன்கூட்டி வரும் குமட்டல் குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது இதுதான். மத்தியானம் வெறும் தரையில் ஜமக்காளம் விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். கால் விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பகுதியாக இறுக்கி, பிறகு தளர விட வேண்டும். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1929-இல் புத்தகமாக எழுதிய முறை இது. நம் சவாசனம் தெரிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. மூச்சு நிதானப்பட்ட பிறகு மனசுக்குள் ஒரு படம். செருப்பை மாட்டிக்கொள்கிறேன். சரி. ஆட்டோவில் ஏறுகிறேன். சரி. சிக்னல். வயிறு புரட்டுகிறதா? உடனே படத்தை விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும். அடங்கிய பிறகு மறுபடி செருப்பிலிருந்து. முதல் வாரம் சிக்னலைத் தாண்டவே முடியவில்லை. இரண்டாவது வாரம் ஆரஞ்சு வண்டி வரைக்கும் போனாள். நாலாவது கீமோ அன்று குமட்டல் வந்தது, ஆனால் சமாளிக்கிற அளவில். ஐந்தாவது அன்று ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "வண்டியைப் பாத்தேளா? இன்னிக்கு நன்னா பழுத்திருக்கு" என்றாள். எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் சில்லறைக்காக அழுகிறேனோ என்று நினைத்திருப்பார்.

பெங்களூரில் விவேகானந்த யோகா நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையேதான் சொல்கிறது. கீமோ எடுத்துக்கொண்ட 62 பெண்களில் யோகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பின்னால் வரும் குமட்டலும் குறைந்தது, முன்கூட்டி வருவதும் குறைந்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் எங்கள் வீட்டில் நாங்கள் கண்டதோடு ஒத்துப்போகிறது.

கீமோ நடுவில் இவளுக்கு இன்னொரு கஷ்டம், ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். இருட்டில் எல்லாப் பயமும் ஒன்றாகக் கிளம்பி வரும். அப்போது படுத்தபடியே விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள். பெருமாள் பாதியிலேயே விட்டுவிட்டார் என்று மறுநாள் வருத்தப்படுவாள். எனக்குள் இருந்த பௌதிகக்காரன் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு சுலோகத்துக்குப் பதினோரு செகண்டு. ஒரு சுலோகம் ஒரு மூச்சு. அப்படியானால் நிமிஷத்துக்கு ஐந்தரை மூச்சு. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், இத்தாலியில் பவியா நகரத்தில் பெர்னார்டி என்ற டாக்டரும் மற்றவர்களும் 23 ஆரோக்கியமான பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஜபமாலை உருட்டிச் சொல்லும் லத்தீன் ஜபம் ஒன்று, திபெத்திய மந்திரம் ஒன்று. இரண்டையும் சொல்லும்போது மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. நம் ரத்த அழுத்தத்துக்கு இயற்கையாகவே ஏறத்தாழ பத்து செகண்டுக்கு ஒரு தரம் ஏறி இறங்குகிற அலை ஒன்று உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வரும்போது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் சமன் செய்கிற நரம்பு வேலை கூர்மையாகிறது. உடம்பைப் பரபரப்பிலிருந்து இறக்கி ஓய்வுக்குக் கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் பங்கு இதில் பெரிது. ஸ்லோகம் தெரியாதவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள், மனசுக்குள் ஐந்து எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விட்டாலும் கணக்கு அதேதான். அதில் கிடைக்காத ஏதோ ஒன்று ஸ்லோகத்தில் தனக்குக் கிடைத்தது என்று என் மனைவி சொல்கிறாள். கடிகாரத்தால் அளக்க முடியாத அந்த விஷயத்தை நான் அவளிடமே விட்டுவிட்டேன்.

தூக்கத்தைப் பற்றி அமெரிக்காவில் 2013-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. சிகிச்சை முடிந்தவர்கள் 410 பேர். வாரம் இரண்டு நாள், நாலு வாரம், மூச்சுப் பயிற்சியும் மென்மையான ஆசனங்களும் தியானமும். தூக்கம் நன்றாகவே சீரடைந்தது, தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையும் நம் பெங்களூர்க்காரர்களும் சேர்ந்து ரேடியேஷன் எடுத்துக்கொள்ளும் பெண்களிடம் செய்த ஆராய்ச்சி 2014-இல் வந்தது. அதில் ஒரு பிரிவுக்கு யோகா, இன்னொரு பிரிவுக்கு வெறும் ஸ்ட்ரெட்சிங், மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. யோகா செய்தவர்கள் தங்கள் அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ளும் சக்தியில் மற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கமே, நோயாளிகளின் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் தியானப் பயிற்சியைச் சிபாரிசு செய்து வழிகாட்டு நெறி வெளியிட்டது.

நம் நாட்டில் பம்பாய் டாடா மெமோரியல் மருத்துவமனையில் 850 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவை 2022 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் அறிவித்தார்கள். யோகா செய்தவர்களுக்கு வியாதி திரும்புவது 15 சதவீதம் குறைவு என்று பத்திரிகைகளில் வந்தது. உடனே எனக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். அதைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதம் என்பது ஒப்பீட்டுக் கணக்கு. உதாரணத்துக்கு, நூறு பேரில் 20 பேருக்குத் திரும்பக்கூடும் என்றால், அது 17 ஆகும். இது ஒரே ஆராய்ச்சி. வேறு இடத்திலும் இதே முடிவு வந்தால்தான் உறுதி. எல்லாவற்றையும்விட முக்கியம், யோகா செய்த பிரிவு, செய்யாத பிரிவு இரண்டுமே ஆபரேஷன், மருந்து என்று முறையான சிகிச்சையில் இருந்தவர்கள். அதை ஒருவரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

"வேறு இடத்திலும் வர வேண்டும்" என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர். வியாதி பரவிவிட்ட 86 பெண்களில் ஒரு பகுதியினரை வாராவாரம் ஒன்றாக உட்காரவைத்து மனசு விட்டுப் பேசச் செய்தார், வலியைச் சமாளிக்க சுய வசியமும் கற்றுக்கொடுத்தார். 1989-இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குழுவில் இருந்தவர்கள் சராசரி 36 மாதத்துக்கு மேல் இருந்தார்கள், மற்றவர்கள் 19 மாதம். மனசு ஆயுளை இரட்டிப்பாக்கிவிட்டது என்று புத்தகங்கள் வந்தன. கனடாவில் 235 பெண்களை வைத்து இதையே திரும்பச் செய்தார்கள். 2001-இல் முடிவு வந்தது: வலியும் மனவேதனையும் குறைந்தது உண்மை, ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஸ்பீகல் தாமே மறுபடி 125 பேரை வைத்துச் செய்து பார்த்தார். மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை என்று 2007-இல் தம் பெயரிலேயே வெளியிட்டார். தாம் பேர் வாங்கிய முடிவைத் தாமே சோதித்து, வரவில்லை என்று சொன்னாரே, அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. அரசாங்கக் கோப்பில் அப்படி ஒரு குறிப்பை நான் பார்த்ததே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், மனசு வியாதியைக் குணப்படுத்தும் என்று நாம் சொன்னால், மனசுதான் வியாதியைக் கொண்டுவந்தது என்பது அதன் மறுபக்கமாக வந்துவிடுகிறது. கீமோ நடந்துகொண்டிருந்தபோது பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், நல்ல மனுஷர்தான், ஆப்பிள் எல்லாம் வாங்கி வந்தார். காபி குடித்துக்கொண்டே, "கோபத்தை எல்லாம் உள்ளேயே அடக்கிக்கறவாளுக்குத்தான் இது வரும்னு சொல்றா" என்றார். அன்று ராத்திரி இவள் என்னிடம் கேட்டாள், "உங்கம்மா இருந்தப்போ நான் ரொம்ப அடக்கிண்டேனோ? அதனாலயா வந்தது?" இறந்துபோன என் தாயாரையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாயிற்று. இன்னொருவர் பாஸிட்டிவாகவே இருக்க வேண்டும், அழவே கூடாது என்றார். அதற்கப்புறம் இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். தண்ணீர்ப் பில் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது என்று வேடிக்கையாகச் சொல்வேன், அது வேடிக்கை இல்லை.

தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. உற்சாகமாக இருந்தவர்களும் சோர்ந்திருந்தவர்களும் பிழைத்திருந்ததில் மனநிலையால் எந்த வித்தியாசமும் காணப்படவில்லை. இதை நான் ஆறுதலான செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். அழலாம். பயப்படலாம். அதனால் கட்டி வளராது.

அதே போல வலி. நோயாளி வலிக்கிறது என்றால் தியானம் பண்ணு என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் வலி மருந்து கேளுங்கள். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தினால் ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்துக்கொள்வதற்கே பல லைசென்ஸ்கள் வேண்டியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். அத்திம்பேர் காலமானது 2008-இல். அவ்வளவுதான் சொல்வேன். மார்ஃபின் என்றால் பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டம் என்று பயந்து வேண்டாம் என்பவர்கள் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மருந்து வலியைப் பாதியாக்கிய பிறகு, மிச்சத்தைத் தாங்க மூச்சுப் பயிற்சி கைகொடுக்கும்.

எச்சரிக்கைகள் சில உண்டு. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் சிகிச்சை செய்யும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். வியாதி எலும்புக்குப் பரவியிருந்தால் முன்னால் குனிவது, இடுப்பை முறுக்குவது போன்ற ஆசனங்கள் எலும்பை முறித்துவிடலாம். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது விழுந்து அடிபடக் கூடாது. கீமோவினால் பாதம் மரத்துப்போனவர்கள் ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனம் செய்ய வேண்டாம், செய்தே ஆக வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கபாலபாதி கூடவே கூடாது, மூச்சை அடக்கி நிறுத்துவதும் வேண்டாம். வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் கும்பலாக நடக்கும் வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே செய்யலாம். மார்பக ஆபரேஷன் ஆனவர்கள் கை, தோள் பயிற்சியை ஃபிஸியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்ய வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், முடிந்த நேரம். இவள் ஆரம்பித்தது ஐந்து நிமிஷத்தில். சில நாள் அதுவும் இல்லை. செய்யாவிட்டால் தப்பு என்று ஆகிவிட்டால் அதுவே இன்னொரு கவலை.

கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களும் செய்யலாம். நான் மூன்று மணிக்குக் கடிகாரத்தோடு உட்கார்ந்ததில் எனக்கும் தூக்கம் வந்தது.

(உரைக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் இரண்டு.)

ஒரு மாமி: கீமோ சமயத்தில் தினமும் ஸ்நானம் பண்ண முடியாது. பண்ணாமல் சஹஸ்ரநாமம் சொல்லலாமா?

எங்கள் வாத்தியாரிடம் இதைக் கேட்டோம். உடம்புக்கு முடியாதவர்களுக்கு நியமங்கள் தளர்த்தப்பட்டிருக்கின்றன, படுத்துக்கொண்டே சொல்லலாம் என்றார். ஏகாதசி உபவாசமும் அந்த ஆறு மாதம் வேண்டாம் என்று அவரே சொன்னார். எடை குறையக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

ஒரு உறுப்பினர்: என் மூத்த சகோதரர் ஆபரேஷன் வேண்டாம், யோகா போதும் என்கிறார். வயதில் பெரியவர், எப்படி எதிர்த்துப் பேசுவது?

நான் பேசாமல் இருந்தவன், அதனால் என்னால் வழி சொல்லத்தான் முடியும், பெருமையாகச் சொல்ல முடியாது. யோகாவை எதிர்த்துப் பேசாதீர்கள். தாராளமாகச் செய்யட்டும். எதைக் கண்டு பயப்படுகிறார் என்று கேளுங்கள். அத்திம்பேருக்குப் பையைக் கண்டு பயம். அந்தப் பையோடு நடமாடுகிற ஒரு மனிதரை அவர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. உங்கள் அண்ணாவுக்கு எது பயம் என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஆபரேஷன் தேதியைக் கேளுங்கள். அவர் சொல்லும் வரை அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.

செயலாளரிடம் எங்கள் நம்பர் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் பெண்கள் யாராவது பேச விரும்பினால் மாலை ஐந்து மணிக்கு மேல் கூப்பிடலாம். நான் எடுத்தால் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.